ஒரே வாசல்

மதுவைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்டால், ஒன்றுமில்லை என்பதுதான் நேர்மையான பதில். நான் பிறந்தபோது சென்னை ராஜ்யம் முழுவதும் மதுவிலக்கு அமலில் இருந்தது. 1948-ல் பூர்த்தியாக வந்த அந்தச் சட்டம் 1971-ல் தளர்த்தப்பட்டபோது நான் கல்லூரிப் படிப்பை முடித்து வெளியே வந்திருந்தேன். அதற்குள் குடிக்காமல் இருக்கும் வழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. இதில் என் பெருமை ஒன்றுமில்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு தச்சர் இருந்தார். மதுவிலக்குக் காலத்திலேயே எப்படியோ தேடிப் பிடித்துக் குடித்து, உளி, இழைப்புளி முதற்கொண்டு அடகு வைத்தவர். அவருடைய மனைவி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுததைச் சிறுவயதில் பார்த்தவனுக்குப் பிறகு எந்தப் புட்டியைப் பார்த்தாலும் அந்த அழுகைதான் முதலில் காதில் விழும்.

அப்படிப்பட்ட நான், ஒயின் வியாபாரம் பண்ணுகிற ஒரு குடும்பத்துக்கு ஆலோசனை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் ஏற்றுமதியைப் பற்றி! சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். பிறகு கதையைச் சொல்லுகிறேன்.

என் பேத்தி ஜார்ஜியா தேசத்தில், திபிலிசி நகரத்தில் வைத்தியப் படிப்புப் படிக்கிறாள். நம் தேசத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே போய்ப் படிக்கிறார்கள். 2024-ம் வருஷம் அக்டோபர் மாதம் அவளைப் பார்த்து வரலாம் என்று கிளம்பினேன். மனைவிக்கு முழங்கால் வலி. “நீங்கள் போய் வாருங்கள், குழந்தைக்குப் பருப்புப்பொடி மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்” என்று சொல்லிவிட்டாள். வளைகுடா நாடு ஒன்றில் விமானம் மாறி, பருப்புப்பொடியும் நானும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம்.

திபிலிசியில் முதலில் என்னைக் கவர்ந்தது அந்த ஊர் எழுத்துத்தான். கடைப் பலகைகளில் வட்டம் வட்டமாக, சுழி சுழியாக எழுதியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நம் பக்கத்து எழுத்து மாதிரி இருக்கிறது. கிட்டே போனால் ஓர் எழுத்தும் புரியவில்லை. நல்ல நாவலுக்கு நான் எழுதுகிற முதல் அத்தியாயம் போல.

பேத்தி குடியிருந்த வீட்டுக்காரம்மாளின் தமையனார், கிழக்கே ககேத்தி ஜில்லாவில் தெலாவி ஊருக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். அறுவடைக் காலம். அதற்கு அவர்கள் ‘ர்த்வேலி’ என்று பெயர் சொல்லுகிறார்கள். நம் பொங்கல் மாதிரி, உற்றார் உறவினர் எல்லாரும் கூடிவிடுகிறார்கள். “தாத்தாவையும் அழைத்து வா” என்று உத்தரவு வந்துவிட்டது.

“நான் எதற்கம்மா? குடிக்கிற இடத்தில் குடிக்காதவன் போய் உட்கார்ந்தால் அவர்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்” என்றேன்.

“தாத்தா, பழம் பறிக்கிறதுக்குக் கூப்பிடறாங்க. நீங்க பழத்தைச் சாப்பிடுங்க. புளிச்சு ஒயினாகறதுக்கு அது ஆறு மாசம் இருக்கணும். அதுவரைக்கும் அங்கேயா உட்காரப் போறீங்க?” என்றாள். வைத்தியம் படிக்கிறவர்களிடம் வாதம் செய்ய முடியாது.

மலைப்பாதையில் இரண்டு மணி நேரப் பிரயாணம். கணவாயைத் தாண்டியதும் கீழே அலசானிப் பள்ளத்தாக்கு விரிகிறது. ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் திராட்சைக் கொடி. அதற்கப்பால், வெள்ளைச் சுவர் எழுப்பினாற்போலப் பனி மூடிய காகசஸ் மலை. ஜார்ஜியாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி இந்தப் பள்ளத்தாக்கிலும் சுற்றுப்புறத்திலும்தான் இருக்கிறது.

வண்டியை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண், முப்பது வயதிருக்கும், வெளியே ஓடிவந்து, தோட்டத்தைப் பார்த்து, “மாமா! மாமா!” என்று கூவினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே யாருக்கு யார் மாமா? நான்கு கடல் தாண்டியும் நம் உறவுமுறை நம்மை விடவில்லையா?

பேத்தி சிரித்தாள். “இங்கே அப்பாவைத்தான் மாமான்னு கூப்பிடுவாங்க, தாத்தா. அம்மாவுக்கு ‘தேதா’.”

கொடிகளுக்கு நடுவிலிருந்து அப்பாவான மாமா வந்தார். எழுபது வயதுக்கு மேலே, ஆஜானுபாகு, வெள்ளை மீசை, கையில் பழம் நறுக்குகிற கத்தரி. என்னை ஒரே தழுவாகத் தழுவிக்கொண்டார். சட்டையில் திராட்சைச் சாறு அப்பிக்கொண்டது. அவருடைய பெயரைச் சொல்ல அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை முடியும்வரை அவரை மாமா என்றே அழைக்க உத்தேசம்.

மாமாவின் நிலம் ஏழு ஏக்கர். கறுப்புத் திராட்சை ஒன்று, வெள்ளைத் திராட்சை ஒன்று. கறுப்புக்குச் ‘சபெராவி’ என்று பெயர். சாயம் தருவது என்று அர்த்தமாம். பொய்யில்லை. தோல் மட்டுமல்ல, உள்ளே சதையும் சிவப்பு. மூன்று கூடை பறித்ததும் என் விரல்கள் மருதாணி இட்டாற்போல ஆகிவிட்டன. வெள்ளைக்கு ‘ர்கத்சிதேலி’ என்று பெயர். அதை உச்சரிக்க நான் செய்த முயற்சியைப் பார்த்து வீட்டுக் குழந்தைகள் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்கள். இப்படி அந்தச் சின்ன தேசத்துக்கே சொந்தமான திராட்சை ஜாதிகள் ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன.

மத்தியானம் மாமா என்னைத் தம் ‘மரானி’க்கு அழைத்துப் போனார். நிலவறை என்று நினைத்துப் போனேன். உள்ளே ஒன்றுமே இல்லை. மண் தரை. தரையில் வட்ட வட்டமாகச் சில வாய்கள் மட்டும் தெரிந்தன. ஒரு வாயில் விளக்கைப் பிடித்துக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேலே ஆழமுள்ள மண்தாழி, முட்டை வடிவம், கழுத்துவரை பூமிக்குள் புதைத்திருக்கிறது. அதற்குக் ‘க்வெவ்ரி’ என்று பெயர். உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கிறார்கள். நசுக்கிய திராட்சையைத் தோலும் விதையும் காம்புமாக உள்ளே கொட்டி, அது புளித்து அடங்கியதும் வாயைக் கல்லால் மூடி, களிமண் அப்பி, மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பூமியின் குளிர்ச்சி மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளைத் திராட்சையும் தோலோடு ஊறுவதால் வெளியே வரும்போது தேன் நிறத்தில் வருகிறது.

நான் சற்றுநேரம் பேசாமல் நின்றேன். நம் ஊரில் இதே மாதிரித் தாழியை, இதே மாதிரிப் பூமியில் புதைத்தார்கள், ஆதிச்சநல்லூரில். அதற்குள் வைத்தது இறந்துபோன மனிதர்களை. இங்கே வைப்பது அடுத்த வருஷத்துச் சாப்பாட்டை. தாழி ஒன்றுதான்.

திபிலிசிக்குத் தெற்கே பழைய மேடுகளைத் தோண்டிக் கிடைத்த ஜாடித் துண்டுகளில் திராட்சை மதுவின் சுவடு ஒட்டியிருந்ததை 2017-ல் ஆராய்ச்சிக்காரர்கள் வெளியிட்டார்கள். அவற்றின் வயது ஏறத்தாழ எண்ணாயிரம் வருஷம். 2013-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்தத் தாழி முறையை மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இதையெல்லாம் மாமா சொல்லவில்லை. அவர் மகள் சொன்னாள். மாமா தாழியின் விளிம்பைத் தடவிக்கொண்டே, “என் தாத்தா இதற்குள் இறங்கித் தேய்த்துக் கழுவுவார். பிறகு என் அப்பா. பிறகு நான். இப்போது என் தோள் நுழையவில்லை, மகள் இறங்குகிறாள்” என்றார்.

இவ்வளவு பழைய பெருமை உள்ளவர்களுக்கு விற்பனையில் என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரவுச் சாப்பாட்டின்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

சாப்பாடு என்றால் அது சாப்பாடு அல்ல, ‘சுப்ரா’. ஒரு மேஜையில் இருபது பேர். ‘தமடா’ என்று ஒருவர் எழுந்து, முன்னோர்களுக்காக, விருந்தாளிக்காக, இறந்தவர்களுக்காக, குழந்தைகளுக்காக என்று வாழ்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு கோப்பை. எனக்கு அன்று காலையில் பிழிந்த புளிக்காத சாறு. அக்ரூட்டு அரைத்துத் தடவிய கத்தரிக்காய், மொச்சை மாதிரி ஒரு பயற்றுக் குழம்பு, பாலாடைக்கட்டி அடைத்த ரொட்டி. சைவனான எனக்கு ஒரு குறையுமில்லை.

எட்டாவது வாழ்த்துக்குப் பிறகு மகள் மெதுவாக ஏதோ சொன்னாள். மாமா பதில் சொன்னார். மகள் மறுபடி சொன்னாள். மாமாவின் குரல் உயர்ந்தது. மேஜை நிசப்தமாயிற்று. நான் பேத்தியைப் பார்த்தேன்.

“யாருக்கு விக்கிறதுன்னு சண்டை, தாத்தா” என்று காதோடு சொன்னாள்.

சண்டையின் வேர் 2006-ம் வருஷத்தில் இருந்தது. சோவியத் காலத்திலிருந்தே ஜார்ஜியாவின் ஒயினுக்கு ஒரே பெரிய வாடிக்கைக்காரர் ரஷ்யா. வெளியே போவதில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் போயிற்று. பாஷை தெரியும், பாதை தெரியும், ருசி தெரியும். கொஞ்சம் இனிப்பான சிவப்பு ஒயின் அவர்களுக்குப் பிரியம். கிந்த்ஸ்மராவுலி என்கிற பெயர் அங்கே மூன்று தலைமுறைக்குப் பழக்கம். வேறு யாரையும் தேடிப்போக வேண்டிய அவசியமே இல்லை. அவசியம் இல்லாதபோது தரத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? எவ்வளவு அனுப்பினாலும் போயிற்று. போதாததற்கு, ஜார்ஜிய ஒயின் என்று சீட்டு ஒட்டிய போலிச் சரக்கும் அங்கே தாராளமாக ஓடிற்று.

2006 மார்ச் மாதக் கடைசியில் ரஷ்யா கதவைச் சாத்தியது. பூச்சிமருந்தும் உலோக நஞ்சும் கலந்திருக்கின்றன என்று காரணம் சொன்னார்கள். இது ராஜீய விரோதம், வேறொன்றுமில்லை என்று ஜார்ஜியா சொன்னது. எது எப்படியானாலும் லாரி வரவில்லை. இரண்டே வருஷத்தில் தேசத்தின் ஒயின் ஏற்றுமதி பாதிக்கும் கீழே சரிந்துவிட்டது. 2008-ல் யுத்தமே வந்தது.

“அந்த இலையுதிர் காலத்தில் என் பழத்தை வாங்கிக்கொண்டிருந்த தொழிற்சாலை வாசலில் மூன்று நாள் வண்டியோடு நின்றேன். நாலாவது நாள் பழம் ஒழுக ஆரம்பித்துவிட்டது” என்று மாமா என்னைப் பார்த்துச் சொன்னார். “மறு வருஷம் இரண்டு ஏக்கர் கொடியைப் பிடுங்கினேன். என் அப்பா நட்டது. 1985-ல் கோர்பசேவ் குடி ஒழிப்பு என்று சொல்லித் தோட்டங்களை வெட்டச் சொன்னபோதுகூட அவர் எப்படியோ காப்பாற்றி வைத்திருந்த கொடி. அதை நானே பிடுங்கினேன். அந்த இடத்தில் தர்ப்பூசணி போட்டேன்.”

அவர் சொல்லி முடித்ததும் தமடா எழுந்து, பிடுங்கப்பட்ட கொடிகளுக்காக ஒரு வாழ்த்துச் சொன்னார். எல்லாரும் எழுந்து நின்று குடித்தார்கள். நானும் எழுந்து நின்றேன்.

2013-ல் ரஷ்யா கதவைத் திறந்தது. மறுபடியும் மலைக்கணவாய் வழியே லாரிகள். வியாபாரம் சரசரவென்று ஏறியது. 2023-ல் தேசம் ஏற்றுமதி செய்தது ஏறத்தாழ 11 கோடியே 80 லட்சம் லிட்டர். ஆனால் அதில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேலே போனது மறுபடியும் அதே ரஷ்யாவுக்குத்தான்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். மாமாவின் சரக்கு ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் புட்டி. ரஷ்ய வியாபாரி ஒருவர் முழுவதையும் எடுத்துக்கொள்ளுகிறேன், பாதிப் பணம் இப்போதே என்கிறார். மகளோ தாழியில் ஊறின தேன் நிற ஒயினில் மூவாயிரம் புட்டியைத் தன்னிடம் விட்டுவிடச் சொல்லுகிறாள். அவளுக்கு வார்ஸாவிலிருந்து அறுநூறு புட்டிக்கும் டோக்கியோவிலிருந்து முந்நூறு புட்டிக்கும் கேள்வி வந்திருக்கிறது.

“மீதி இரண்டாயிரத்து நூறு?” என்றார் மாமா.

“தேடுவேன்” என்றாள் மகள்.

“லாரி ஒரு தடவை வருகிறது, ஏற்றுகிறது, பணம் கொடுக்கிறது, போகிறது. உன் டோக்கியோக்காரர் மூன்று கடிதம் எழுதிவிட்டார். கார்க் எவ்வளவு நீளம் என்று கேட்கிறார்! குடிக்கப் போகிறாரா, கார்க்கைத் தின்னப் போகிறாரா?”

எல்லாரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. அவள் பேசியதைப் பேத்தி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாவலாசிரியன் என்கிற முறையில் மனிதர்கள் வாதாடுவதைக் கேட்பது என் தொழில். அவள் வாதம் எனக்குப் பிடித்திருந்தது.

அவள் சொன்னது இதுதான். பிரான்ஸும் இத்தாலியும் செய்கிற மாதிரி ஒயினை நாமும் செய்து கொண்டுபோனால், விலை பேசுகிறவர்கள் அவர்கள். நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தாழியில், தோலோடு ஊறின தேன் நிற ஒயினை எண்ணாயிரம் வருஷக் கதையோடு கொண்டுபோனால், விலையை நாம் சொல்லலாம். லண்டனிலும் நியூயார்க்கிலும் டோக்கியோவிலும் அதைத் தேடிக் கேட்கிற உணவு விடுதிகள் இருக்கின்றன. மொத்த உற்பத்தியில் தாழி ஒயின் மிகச் சிறிய பங்குதான். அது நமக்குக் குறை அல்ல, பலம். ஐரோப்பிய யூனியனோடு செய்த ஒப்பந்தம் 2014 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. சுங்க வரி இல்லை. போலந்து பக்கத்தில் இருக்கிறது. தன் தேவைக்குத் தானே ஒயின் செய்துகொள்ளும் தேசமும் அல்ல. நம் பெயர் அங்கே புதிதுமல்ல.

“அமெரிக்கா?” என்று யாரோ கேட்டார்கள்.

அமெரிக்கா கஷ்டம் என்று ஒப்புக்கொண்டாள். ஜார்ஜியா என்றாலே அங்கே உள்ளவர்கள் தங்கள் தென் மாகாணத்தை நினைக்கிறார்கள். அங்கே திராட்சை எப்போது விளைந்தது என்று கேட்கிறார்களாம். புட்டியில் ஒட்டும் சீட்டை அரசாங்கம் முன்கூட்டிப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிக்காரர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று மூன்று படி ஏறித்தான் குடிக்கிறவர் கைக்குப் போகும். 1933-ல் அவர்கள் மதுவிலக்கை எடுத்தபோது ஏற்படுத்திய முறை. ஒவ்வொரு படியிலும் ஒரு லாபம். சீனாவோடு 2018-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அதைச் சுற்றிய வருஷங்களில் வேகமாக வாங்கினார்கள், பிறகு தளர்ந்துவிட்டார்கள்.

“பார்த்தாயா!” என்றார் மாமா. “சீனாவும் லாரி மாதிரிதான். வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.”

“அதைத்தான் நானும் சொல்லுகிறேன், மாமா” என்றாள் மகள்.

இந்த இடத்தில் மாமா என் பக்கம் திரும்பினார். “நீங்கள் வயதில் என் சோட்டு. தூர தேசத்தவர், உங்களுக்கு இதில் பட்சபாதம் கிடையாது. குடிக்கவும் இல்லை. இந்த மேஜையில் நிதானத்தோடு இருக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். சொல்லுங்கள்.”

இருபது ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. எனக்கு ஒயின் தெரியாது, வியாபாரம் தெரியாது, ஜார்ஜியா தெரியாது. தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன்.

நான் இருபது வருஷ காலம் ஒரே வாரப்பத்திரிகையில் எழுதினேன். பெயர் வேண்டாம். ஒரு தொடர் முடிவதற்கு முன்பே அடுத்த தொடருக்கு அழைப்பு வரும். அவர்களுடைய வாசகர்களுக்கு என்ன பிடிக்கும் என்பது எனக்கு மனப்பாடம். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு கடிதம் தொலைய வேண்டும், எட்டாவதில் கதாநாயகிக்கு ஜுரம் வர வேண்டும். நானும் அளவாகச் சர்க்கரை போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். வேறு பத்திரிகைகள் கேட்டால், “நேரமில்லை” என்று சொல்வதில் எனக்கு ஒரு கர்வம். அந்த வருமானத்தை நம்பித்தான் பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்தேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு கடிதம் வந்தது. நிர்வாகம் மாறிவிட்டது, தற்போது தங்கள் தொடர் தேவைப்படவில்லை, தங்கள் நீண்டகால ஒத்துழைப்புக்கு நன்றி. நாலு வரி. பதினாலு அத்தியாயம் எழுதி மேஜைமேல் இருந்தது. கல்யாணத்துக்கு மூன்று மாதம்.

அன்று இரவு என் மனைவி ஒரு வார்த்தை சொன்னாள். “ஒரே வாசல் வைத்து வீடு கட்டிவிட்டு, அந்த வாசலை எதிர்வீட்டுக்காரன் பூட்டிவிட்டான் என்று அழுதால் எப்படி?”

பிறகு நான் அலைந்த கதை பெரிது. வானொலி நாடகம் எழுதினேன். மொழிபெயர்த்தேன். கடல் கடந்த தமிழர்களுக்காக நடந்த ஒரு பத்திரிகைக்குச் சிறுகதை அனுப்பினேன். கொடுத்தது கொஞ்சம், கொடுக்க எடுத்துக்கொண்ட காலம் அதிகம். ஒருவர் கமாவைப் பற்றியே இரண்டு கடிதம் எழுதினார். ஆனால் ஒன்று நடந்தது. அந்தப் புது வாசகர்களுக்கு என் தொலைந்த கடிதமும் ஜுரமும் செல்லவில்லை. எனக்கு மட்டுமே தெரிந்தது என்ன என்று முதன்முறையாக யோசிக்க வேண்டியிருந்தது. என் பெயரை இன்று நாலு பேர் சொல்லுகிறார்கள் என்றால், அது அந்த இரண்டு பஞ்ச வருஷத்தில் எழுதியவற்றுக்காகத்தான். கல்யாணமும் கடன் வாங்கி நடந்தது.

“பழைய பத்திரிகை மறுபடி கூப்பிடவில்லையா?” என்று மகள் கேட்டாள்.

“ஐந்து வருஷம் கழித்துக் கூப்பிட்டது.”

“போனீர்களா?” இது மாமா.

“போனேன்” என்றேன். “நல்ல பணம், பழகின வாசகர்கள். ஏன் போகக்கூடாது? ஆனால் அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒரு தொடர் எழுதினால், கமாக்காரருக்கும் ஒரு கதை எழுதாமல் விட்டதில்லை.”

பேத்தி சொல்லி முடித்ததும் மாமா வெகுநேரம் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு, “உங்கள் மனைவி ஏன் வரவில்லை? அவர் அல்லவா வந்திருக்க வேண்டும்!” என்றார். மேஜை அதிர்ந்தது.

முடிவு அன்று இரவு சொல்லப்படவில்லை. மறுநாள் காலையில், நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, மாமா மரானியிலிருந்து வெளியே வந்து மகளிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். அவள் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். மூவாயிரம் அல்ல, ஆயிரத்தைந்நூறு. மீதி லாரிக்கு. “அந்த ஆயிரத்தைந்நூறும் விற்காவிட்டால் நாமே குடித்துத் தீர்ப்போம்” என்றாராம்.

நான் ஊர் திரும்பிய பிறகும் பேத்தியின் மூலமாகச் சேதி வந்துகொண்டிருந்தது. வார்ஸாக்காரர் சரக்கை எடுத்துக்கொண்டு நாலு மாதம் பணம் அனுப்பவில்லை. அந்த நாலு மாதமும் மாமா மகளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அது கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது என்று மகள் சொன்னாளாம். பிறகு பணம் முழுதும் வந்தது. டோக்கியோக்காரர் முந்நூறு புட்டியில் பதினொரு புட்டிக்குச் சீட்டுக் கோணலாக ஒட்டியிருக்கிறது என்று படம் பிடித்து அனுப்பினார். மாமாவுக்கு மகா கோபம். ஆனால் அடுத்த தடவை அளவுகோல் வைத்து, நூல் பிடித்து, அவரே உட்கார்ந்து ஒட்டினார். ஆம், அடுத்த தடவை என்று ஒன்று இருந்தது. இந்த முறை கேட்டது நானூற்றெண்பது. லாரியும் வழக்கம்போல வந்து, ஏற்றிக்கொண்டு போயிற்று. அதில் யாருக்கும் வருத்தமில்லை.

2025-ம் வருஷம் விடுமுறைக்கு வந்தபோது பேத்தி ஒரு புட்டி கொண்டுவந்தாள். மாமா கொடுத்தனுப்பியது. தேன் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் நல்லெண்ணெய் மாதிரி மின்னுகிறது. முன்பக்கம் அந்தச் சுழி எழுத்து. பின்பக்கம் ஜப்பான் எழுத்து. சீட்டு ஒரு மயிரிழைகூடக் கோணவில்லை.

“தாத்தா, இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேனே. தர்ப்பூசணி போட்டிருந்தாங்களே, அந்த ரெண்டு ஏக்கர். அதில ஒரு ஏக்கர்ல திரும்பவும் கொடி நட்டிருக்காரு. காய்க்க மூணு வருஷம் ஆகுமாம்.”

“ஒரு ஏக்கர்தானா?”

“தர்ப்பூசணியையும் விட மாட்டாராம். ‘உன் தாத்தா சொன்னதுதான்’னாரு.”

அந்தப் புட்டி இப்போது என் புஸ்தக அலமாரியில், இலக்கண நூல்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. திறக்கவில்லை, திறக்கவும் போவதில்லை. தச்சர் மனைவியின் அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அதனோடு இப்போது, மூன்று நாள் தொழிற்சாலை வாசலில் ஒழுகி நின்ற ஒரு வண்டியும் கண்ணில் தெரிகிறது. இரண்டையும் எப்படிச் சமாதானம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு யாராவது வந்தால் என் மனைவி முந்திக்கொண்டு அலமாரித் திரையை இழுத்து மூடிவிடுகிறாள். வந்தவர்கள் போனதும் திறந்து, சீட்டின்மேல் படிந்த தூசியைத் துடைத்துவைக்கிறவளும் அவள்தான்.